நைக்கி ஷூவைத் தைத்த கைகள்

தோழர்களே, ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதனால் நம் பிள்ளைகள் பிராண்டட் ஷூ போட்டால் "ஆடம்பரம்" என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். தாராளமாகப் போடுங்கள். அந்த ஷூவின் கதையையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

1964இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பில் நைட்டும், அவருடைய ஓட்டப் பயிற்சியாளர் பில் பவர்மேனும் 'புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் ஷூக்களை இறக்குமதி செய்து விற்பதுதான் தொழில். 1971இல் நைக்கி என்ற பெயர் வந்தது. 'ஸ்வூஷ்' சின்னத்தை வரைந்த மாணவி கரோலின் டேவிட்சனுக்குக் கிடைத்தது 35 டாலர். 1983இல் அவருக்குப் பங்குகளும் கொடுத்தார்கள். ஷூவைத் தைத்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் வரவில்லை.

காரணம், இந்த வியாபாரம் நடக்கும் விதம். வடிவமைப்பும் விளம்பரமும் நிறுவனத்தின் கையில்; வெட்டுவதும் தைப்பதும் ஒட்டுவதும் ஒப்பந்தத் தொழிற்சாலைகளில். ஜப்பானில் கூலி ஏறியதும் உற்பத்தி தென் கொரியாவுக்கும் தைவானுக்கும் போனது. அங்கேயும் கூலி ஏறியதும் இந்தோனேசியா, சீனா, வியட்நாம் என்று நகர்ந்தது. தொழிலாளி நிமிர்ந்தால் ஆர்டர் இடம் மாறும்.

1996இல் லைஃப் இதழ், பாகிஸ்தானில் நைக்கி கால்பந்து தைக்கும் சிறுவனின் படத்தை வெளியிட்டது. உலகமே கேள்வி கேட்டது. 1998இல் பில் நைட்டே, தன் நிறுவனத்தின் பொருள் அடிமைக் கூலிக்கு மறுபெயராகிவிட்டது என்று பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். 2005இல் ஒப்பந்தத் தொழிற்சாலைகளின் பட்டியலை நைக்கி வெளியிட்டது.

இதெல்லாம் முதலாளியின் மனம் இளகியதால் நடக்கவில்லை. தொழிலாளர்களோடு மாணவர்களும் சேர்ந்து நெருக்கியதால் நடந்தது. 2000இல் ஓரிகன் பல்கலைக்கழகம் தொழிலாளர் உரிமைகளைக் கண்காணிக்கும் அமைப்பில் சேர்ந்தபோது, அங்கே படித்த நைட் தரவிருந்த 3 கோடி டாலர் நன்கொடையை நிறுத்தினார். மாணவர்களின் கேள்வி அவ்வளவு சுட்டது. 2009இல் ஹோண்டுராஸில் இரண்டு ஒப்பந்த ஆலைகள் தொழிலாளர்களுக்குச் சேரவேண்டிய பணத்தைத் தராமலே மூடப்பட்டன. மாணவர் போராட்டத்தால் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் நைக்கியோடு ஒப்பந்தத்தை முறித்தது. 2010இல் நைக்கி 15 லட்சம் டாலருக்கு மேல் தொழிலாளர் நிவாரண நிதிக்குக் கொடுத்தது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலை நைக்கிக்காக ஷூ செய்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வேலை வந்திருக்கிறது, வரவேற்போம். கேட்கவேண்டியதையும் கேட்போம். தோலைத் தொட்டவரைத் தீட்டு என்று ஒதுக்கிய சமூகத்தில் காலணித் தொழில் நடக்கும்போது, லைனில் நிற்பவர் எந்தத் தெரு, சூப்பர்வைசர் எந்தத் தெரு என்பது முக்கியமான கேள்வி. எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள் என்ற கணக்கை நிறுவனங்கள் தாமாகவே அச்சடித்துத் தருகின்றன. சாதிக் கணக்கு, நாம் கேட்காமல் வராது.

சங்கம் வைக்கும் உரிமை, வாழப் போதுமான கூலி, சாதிவாரிக் கணக்கு. இந்த மூன்றையும் உங்கள் கல்லூரி வாசிப்பு வட்டத்தில் அடுத்த வாரம் பேசுங்கள். ஓரிகன் மாணவர்கள் கேட்டது, கடல் கடந்த ஒருவருக்காக. நாம் கேட்கப்போவது நம் அக்கா தங்கைக்காக.