கோடைக்கு முன் எர்த் சோதனை

மதுரையின் செல்லூர் விசைத்தறிக் கூடங்களிலும் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பட்டறைகளிலும் பலருடைய பிழைப்பு மும்முனை மோட்டார்களை நம்பியே ஓடுகிறது. நிலையாகப் பொருத்திய அத்தகைய மோட்டார் ஒவ்வொன்றின் உடலுக்கும் தனித்தனியே 2 எர்த் இணைப்புகள் வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். ஒன்று துருவேறி அறுந்தாலும் மற்றது காக்க வேண்டும் என்பதற்காகவே 2. ஆனால் கம்பி மட்டும் போதாது. மண்ணும் ஒத்துழைக்க வேண்டும். மதுரைச் சமவெளியின் கோடையில் மண் காய்ந்து இறுக, எர்த் குழியின் மின்தடை ஏறுகிறது. கசியும் மின்னோட்டம் நிலத்தில் இறங்க வழியில்லாதபோது ஃபியூஸ் போகாது. இயந்திரத்தின் இரும்பு உடல் மின்னேறியபடியே நிற்கும், தொடும் கைக்காக. 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு 0.1 ஆம்பியர் ஒரு பொருட்டல்ல; மனித இதயத்தை நிறுத்த அதுவே போதும்.

அந்த இடைவெளியில்தான் 30 மில்லியாம்பியரில் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்புக் கருவி காவல் நிற்கிறது. அது அடிக்கடி டிரிப் ஆகி உற்பத்தியைக் கெடுக்கிறது என்று உரிமையாளர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பல மோட்டார்களுக்கு ஒரே கருவியை வைத்தால், ஒவ்வொன்றின் சிறு கசிவும் கூடி அதை விழச் செய்யும். அதற்கு மருந்து சுற்றுகளைப் பிரித்துத் தனித்தனிக் கருவி பொருத்துவதும், பழுதான சுருளைத் தேடிச் சரிசெய்வதும்தான். கருவியைக் கழற்றி எறிவதல்ல. செலவைக் காட்டித் தள்ளிப்போடுவதையும் ஏற்க முடியாது; தொழிலாளியின் உயிர் சேமிப்புக் கணக்கில் வராது. மின் ஆய்வுத் துறை பங்குனிக்குள் சிறு பட்டறைகளுக்கு எர்த் அளவீட்டு முகாம்களை நடத்த வேண்டும். உரிமையாளர்கள் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை அழைத்து, இந்த வாரமே தங்கள் எர்த் குழிகளை அளந்து பார்க்க வேண்டும்.