கரண்டு போனா தண்ணியும் போச்சு!

2018 நவம்பர் 16 விடியற்காலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல், டெல்டாவிலும் புதுக்கோட்டையிலுமாக 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. உள்கிராமங்களில் வாரக்கணக்கில் கும்மிருட்டு!

இருட்டையாவது சிம்னி விளக்கை வைத்துச் சமாளிக்கலாம். (மண்ணெண்ணெய் கிடைத்தால்!) தண்ணிக்கு எங்கே போவது? மேல்நிலைத் தொட்டியில் தண்ணி ஏற மோட்டார் ஓடணும். மோட்டார் ஓட கரண்டு வேணும். தென்னையைப் பறிகொடுத்த ஜனங்கள், கையிலிருந்த காசையும் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தார்கள்.

மின் ஊழியர்களைக் குறை சொல்ல முடியாது. கேரளாவிலிருந்துகூட வந்து, வயல் சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். ஆனால், அதுவரை ஊர் தாகத்தோடு காத்திருக்கணுமா?

ஐப்பசி மழைக்கு முன்பே, ஊராட்சிக்கு ஒரு ஜெனரேட்டர், டீசலோடு, மோட்டார் கொட்டகைக்கு வந்து சேரட்டும்.