கால்வாய்க்கு அப்பால்

கொழும்பு வாழத்தகாத ஊரென்று யாழ்ப்பாணத்து அன்பர் சிலர் இகழ்வர். மழை பெய்தால் கொட்டாஞ்சேனைத் தெருக்கள் குளமாகும். வெள்ளவத்தைக் கால்வாயின் நாற்றமோ சொல்லுந்தரமன்று. மறுப்பார் யார்? ஆயினும், பகை மூண்ட இடத்திலேயே மக்கள் மறுபடி கூடி வாழ்வதைக் காண இவ்வூருக்கே வரவேண்டும் என்பேன். கொட்டாஞ்சேனையில் பௌத்தரும் கத்தோலிக்கரும் 1883இல் கலகம் விளைத்தனர். இன்றும் புனித லூசியா பேராலயமும் தீபதுத்தமாராம விகாரையும் அங்கேயே நிற்கின்றன. பொன்னம்பலவாணேசுவரக் கருங்கற்கோயிலும் நடைதூரந்தான். வெள்ளவத்தையின் கதை இன்னும் கொடிது. 1983 ஆடிக் கலவரத்தில் தமிழர் கடைகளும் இல்லங்களும் எரிந்தன. உயிர் தப்பியோர் கப்பலேறி வடக்கே போயினர். பின்னர் பலர் மீண்டு, அதே காலி வீதியில் கடை திறந்தனர். 1942இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் அங்கேதான் உள்ளது. என் மாணாக்கரை அங்கு அழைத்துச் செல்வதுண்டு. கால்வாயைக் கடக்கையில் மூக்கைப் பொத்துவர், பொத்தட்டும்.