உரிந்த பூச்சின் மேல் புதுப் பூச்சு வேண்டாம்

தாத்தாவோ மாமாவோ ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளைப் புதுப்பிக்கும் ஆசை நம் மாணவர்கள் பலருக்கு உண்டு. அது ஹோண்டா கப்சாயாக இருக்கலாம், யமஹா ஆர்எக்ஸ்இசட்டாகவும் இருக்கலாம். பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தால், சில வண்டிகளில் உள்ளே தோல் போல ஏதோ உரிந்து தொங்கும். துருவைத் தடுக்க முன்பு யாரோ ஊற்றிய உட்பூச்சுதான் அது. புதிய பூச்சு ஒன்றை வாங்கி அதன் மேலேயே ஊற்றிவிடலாமே என்று தோன்றும். அது கூடாது என்பது என் கருத்து. காரணம் நீங்கள் படிக்கும் வேதியியலிலேயே இருக்கிறது.

எபோக்சி போன்ற பூச்சு இறுகப் பிடிக்க வேண்டுமானால், இரும்பில் எண்ணெய்ப்பசை, ஈரம், உதிரும் துரு எதுவும் இருக்கக் கூடாது. துருவின் மேல் ஊற்றிய பூச்சு துருவைத்தான் பிடித்துக்கொள்கிறது. துருவோ இரும்பை உறுதியாகப் பிடிப்பதில்லை. சிறு விரிசல் வழியே நீரும் ஆக்சிஜனும் நுழைந்தால் அடியில் துரு வளரும். அரிக்கப்பட்ட இரும்பைவிட அதிலிருந்து உண்டாகும் துருவின் கனஅளவு இரு மடங்குக்கும் மேல். அதுவே பூச்சைக் கீழிருந்து நெம்பிவிடும்.

மூடிய தொட்டிக்குள் நீர் எப்படி வந்தது? பகல் வெப்பத்தில் தொட்டிக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கும்போது மூடியின் சிறு துளை வழியாக ஈரக்காற்று உள்ளே வரும். நம் நாட்டுக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அந்த ஈரம் நீர்த்துளியாகி, பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்ததால் அடியில் தங்கும். எத்தனாலும் ஒரு காரணம். தாய்லாந்தில் விற்கும் இ20 பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் உண்டு. அது நீரை ஈர்க்கும். தன்னைத் தாங்காத பழைய பூச்சுகளை மென்மையாக்கவும் செய்யும்.

இப்படி ஆட்டம் கண்ட பூச்சின் மேல் இன்னொன்றை ஊற்றினால், இரண்டும் சேர்ந்தே உரியும். உரிந்த துணுக்குகள் பெட்ரோல் வடிகட்டியை அடைக்கும். அதைத் தாண்டிய தூள் கார்புரேட்டர் ஜெட்டில் சிக்கும். சிறிய வண்டிகளில் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நெடுஞ்சாலையில் பின்னால் லாரி வரும்போது இயந்திரம் நின்றுபோனால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பழைய பூச்சை முழுவதுமாக அகற்ற வேண்டும். ஆனால் இது மாணவர்கள் வீட்டில் செய்து பார்க்கும் வேலை அன்று. காலித் தொட்டி நிறைந்த தொட்டியைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால், ஒரு தீப்பொறியே வெடிக்க வைக்கும். இறுகிய எபோக்சி எளிதில் கரையாது. அதை மென்மையாக்கும் டைகுளோரோமீத்தேன் ஆவி மூடிய அறையில் உயிரையே பறிக்கலாம். உடலுக்குள் அது கார்பன் மோனாக்சைடாகவும் மாறுகிறது. அமெரிக்கா 2019-இல் அது கலந்த வண்ணநீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை விதித்தது. கழுவிய கழிவையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. அதே 2019-இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டதை நாம் மறக்கலாகாது.

பழைய பூச்சை எடுத்த பிறகு புதுப் பூச்சு அவசியமா? ஓட்டையில்லாத, தொடர்ந்து ஓடும் வண்டிக்கு அவசியமில்லை என்பேன். புளி போட்டுக் குத்துவிளக்கைத் துலக்குகிறோம் அல்லவா? புளியின் அமிலம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைக்கிறது. அதே முறையில் சிட்ரிக் அமிலக் கரைசல் தொட்டியின் துருவைக் கரைக்கும். பிறகு சமையல் சோடா கரைசலால் அமிலத்தை நடுநிலையாக்கி, உடனே நன்றாக உலர்த்த வேண்டும். தாமதித்தால் வெறும் இரும்பு சில மணி நேரத்தில் மறுபடி துருப்பிடிக்கும். அதன்பின் தொட்டியை நிறைத்தே வைத்தால் ஈரக்காற்றுக்கு இடமிராது.

மாற்றுத் தொட்டி கிடைக்காத பழைய வண்டியில் ஊசித்துளைகள் விழுந்திருந்தால் பூச்சுதானே வழி என்று சிலர் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். அப்போதும் சுத்தமான இரும்பு தெரிந்த பிறகே பூச வேண்டும்.

தொட்டியைப் பட்டறைக்குக் கொண்டு செல்லும்போது நீங்களும் உடன் செல்லுங்கள். "அண்ணே, பழைய பூச்சை முழுசா எடுத்துடுவீங்களா? கழிவை என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேறு பட்டறையைத் தேடுங்கள்.