ஒரு நாள் கூடத் தங்கினாலும் விசா காலி!
பேரனைப் பார்க்கப் போய் சிக்கும் பெற்றோர்

சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே அமெரிக்க துணைத் தூதரகத்தில், மகள் பிரசவத்துக்கும் பேரன் முகம் பார்க்கவும் விசா கேட்டு வயதான பெற்றோர் வருகிறார்கள். முதல் பயணத்தில் கெடு தாண்டித் தங்கியவர்கள், மறுபடி விசா கேட்கும்போது கையைப் பிசைகிறார்கள்.

குழப்பத்துக்குக் காரணம் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாதான். அதில் 10 வருடக் கெடு இருக்கும். "பத்து வருஷம் இருக்கே, அப்புறம் என்ன?" என்று இருந்து விடுகிறார்கள். அது அந்த நாட்டு வாசல் வரை போவதற்கான கெடு! உள்ளே எத்தனை நாள் என்பதை அங்கே விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்கிறார். சுற்றுலா விசாவுக்கு பெரும்பாலும் 6 மாதம். 'ஐ-94' என்ற பதிவில் அந்தத் தேதி இருக்கும். முன்பு அட்டையாகக் கொடுத்தார்கள். 2013 முதல் விமானத்தில் வருவோருக்கு கம்ப்யூட்டரில் பதிவு. கையில் அட்டை இல்லை, தேதியும் மனதில் நிற்பதில்லை.

180 நாள் கணக்கு

அந்தத் தேதியை ஒரு நாள் தாண்டினாலே 10 வருட விசா செல்லாது. ஊர் திரும்பி புதிதாக மனுப் போட வேண்டும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டு வெளியேறினால் 3 வருடம் தடை. ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடம்! இது 1996-ல் வந்த சட்டம். வெளியேறிய நாளில் இருந்து தடை ஓடும். தடை முடிந்தாலும் விசா நிச்சயம் இல்லை. திரும்பி வருவார் என்று அதிகாரி நம்ப வேண்டும். தடைக் காலத்திலேயே விலக்கு கேட்க வழி உண்டு. ஆனால் லேசில் கிடைக்காது.

புது பாஸ்போர்ட் தந்திரம்

பாஸ்போர்ட்டை மாற்றினால் தப்பலாம் என்று யோசனை சொல்லும் ஆசாமிகளும் இருக்கிறார்கள். கைரேகை காட்டிக் கொடுத்து விடும். முன்பு கெடு மீறினீர்களா என்று மனுவிலேயே கேள்வி இருக்கிறது. பொய் எழுதி மாட்டினால் ஆயுளுக்கும் தடை. 20 நாள் தாமதத்தை மறைக்கப் போய் இப்படி மாட்டுவது வடிகட்டின முட்டாள்தனம்!

பெரியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிக்கெட் போட்டு அழைத்த பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஒரு தரம் தேதி பார்த்திருக்கலாம். பாட்டி காலை உடைத்துக் கொண்டார், டாக்டர் பயணம் கூடாது என்கிறார் என்றால், கெடு முடியும் முன்பே 'ஐ-539' மனுப் போட்டு நீட்டிப்பு கேட்கலாம். கெடு முடிந்தபின் போனவர்கள், மறு மனுவின்போது ஆஸ்பத்திரி சீட்டையும் விமான டிக்கெட்டையும் கையோடு கொண்டு போவது நல்லது.