கூத்தா, படிப்பா?

விடிய விடிய கூத்து ஆடிவிட்டு, காலையில் எந்தப் பையன் கணக்குப் பாடத்தைக் கவனிப்பான்? அதனால்தான் கூத்துக்கு வந்தால் படிப்பு போச்சு என்று ஆனது. கட்டைக்கூத்துக் கலைஞர் ராஜகோபாலே பத்து வயதில் பள்ளியை விட்டவர்தான்.

1990-ல் அவரும் மற்ற கலைஞர்களும் காஞ்சிபுரம் பக்கம் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். சங்கம் 2002-ல் ஒரு குருகுலம் ஆரம்பித்தது. பள்ளிப்பாடமும் கூத்தும் ஒரே இடத்தில்! பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். திரௌபதியையே ஆண்கள் ஆடிவந்த கலைங்க இது, சின்ன விஷயமா?

2020-ல் குருகுலத்தை மூடிவிட்டார்கள். நாமோ இன்னும் விழா மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பதில், அங்கே படித்தவர்களைச் சம்பளம் கொடுத்து அரசுப் பள்ளிகளில் கூத்து வாத்தியார் ஆக்கலாம். வாரம் ஒரு பீரியட் போதும், பகலிலேயே.