போர்ட் என்றால் யாருக்கு வாசல்?

'போர்ட்' என்றால் என்ன என்று எங்கள் வகுப்பில் கேட்டால் பாதிப்பேர் கணினியின் பக்கவாட்டில் இருக்கும் யூஎஸ்பி ஓட்டையைக் காட்டுவார்கள். நெட்வொர்க் பாடம் ஒழுங்காகப் படித்தவன் "80" என்பான். விடுதியில் ஒரு கோஷ்டி இருக்கிறது, அவர்களைப் பொறுத்தவரை அது ஒயின். இதே கேள்வியைப் பழவேற்காட்டில் கேட்டால் "எந்தப் போர்ட்டு? எண்ணூரா, காட்டுப்பள்ளியா?" என்றுதான் பதில் கேள்வி வரும்.

எல்லோரும் சொல்வது சரிதான். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் சொல்லாராய்ச்சி. ஜல்லியடிக்கிறேன் என்று ஓடிவிடாதீர்கள், விஷயம் பின்னால் வருகிறது. லத்தீனில் போர்ட்டுஸ் என்றால் துறைமுகம், போர்ட்டா என்றால் வாசல், போர்ட்டாரே என்றால் சுமப்பது. மூன்றுக்கும் ஆதி வேர் ஒன்றுதான், 'கடந்து போதல்' என்று பொருள். கணினியில் இருக்கும் போர்ட் வாசல் வழியாக வந்தது. இம்போர்ட், எக்ஸ்போர்ட், ரயில் நிலையத்து போர்ட்டர் எல்லாம் சுமை வழியாக வந்தவை. ஒயினுக்குப் பெயர் கொடுத்தது போர்ச்சுகலின் போர்ட்டோ நகரம். அந்த நகரத்தின் பெயருக்கே துறைமுகம் என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று கேளுங்கள். நேர்முகத் தேர்வில் ஆளாளுக்கு உதிர்க்கும் 'ஆப்பர்ச்சூனிட்டி' என்ற சொல்லுக்குள்ளும் இதே போர்ட் ஒளிந்திருக்கிறது. துறைமுகத்தை நோக்கிப் படகைத் தள்ளும் நல்ல காற்றுக்கு ரோமானியர் வைத்த பெயரிலிருந்து வந்தது அது. "போர்ட் வந்தால் வேலைவாய்ப்பு வரும்" என்கிறார்கள் அல்லவா? சொல் அளவில் உண்மைதான். காற்று யாரைக் கரை சேர்க்கும் என்று மட்டும் சொல்வதில்லை.

கப்பல்காரர்களுக்கு போர்ட் என்றால் இடதுபக்கம். முன்பு அதற்கு லார்போர்ட் என்று பெயர், வலதுபக்கம் ஸ்டார்போர்ட். புயலில் மாலுமி கத்தினால் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும். ஆபத்து என்று உணர்ந்து 1844இல் பிரிட்டிஷ் கடற்படை, இனி இடதுபக்கத்தை போர்ட் என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதாவது ஒரு சொல் தரும் குழப்பத்தால் உயிர் போகும் என்று தெரிந்ததும் சொல்லையே மாற்றினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். போர்ட்டைத் துறைமுகம் என்று மொழிபெயர்க்கிறோம். துறை என்றால் என்ன? மனிதன் தண்ணீரில் இறங்கும் இடம். படித்துறை, வண்ணான்துறை, பருத்தித்துறை, மயிலாடுதுறை. குளிப்பவன், துவைப்பவன், படகு விடுபவன் எல்லோரும் இறங்கினால்தான் அது துறை. பிற்பாடு அந்தச் சொல் படிப்புக்கும் போனது, அரசாங்க அலுவலகத்துக்கும் போனது. ஆனால் சுற்றுச்சுவர் எழுப்பி, வாசலில் காவலாளியை நிறுத்தி, அனுமதிச் சீட்டு கேட்கும் ஓர் இடத்தை என்ன தைரியத்தில் 'துறை' என்கிறோம்?

"மீனவர்கள் துறைமுகத்தை எதிர்க்கிறார்கள், வளர்ச்சிக்கு எதிரிகள்" என்று சொல்லும் நண்பர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஐயா, பழவேற்காடே ஒரு துறைமுகம்! 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அங்கிருந்து போன கட்டம்போட்ட துணி மலாய் மொழியில் இன்றும் 'காயின் பெலிக்காட்'. ஆங்கிலத்திலும் 'புலிக்கட்' என்று ஒரு கைக்குட்டை இருந்தது. உலக மொழிகளுக்குச் சொல் கொடுத்த ஊருக்குத் துறைமுகம் என்றால் என்னவென்று நாம் பாடம் எடுக்கிறோம்.

அதற்காக அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அதே துறையிலிருந்து துணியோடு சேர்த்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். வாசல் ஒன்றுதான், ஒருவன் லாபத்தோடு போனான், ஒருவன் விலங்கோடு போனான். போர்ட் என்றாலே நல்லது என்று நினைப்பவர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

இப்போதைய கதை. பழவேற்காட்டுக்குத் தெற்கே 2001இல் எண்ணூர் துறைமுகம் வந்தது. 2013இல் அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி துறைமுகம் இயங்கத் தொடங்கியது. அதற்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் இடம்பெயர்ந்தார்கள், பிறகு நிரந்தர வேலை கேட்டுப் போராட வேண்டியிருந்தது. 2018இல் அந்தத் துறைமுகம் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. சுமார் 330 ஏக்கரில் இருந்ததை 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் போட்டார்கள். அதில் ஒரு பகுதி கடலையே தூர்த்து உண்டாக்கும் நிலம்.

இதில் மீனவருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், சென்னைக்காரர்கள் பதிலைத் தேடித் தூரம் போகவேண்டாம். நம் கிழக்குக் கரையில் அலைகள் மணலை வருடம் முழுக்க நகர்த்துகின்றன, கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காக. நடுவில் கல் போட்டு அலைத்தடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரிக்கும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது, வடசென்னையில் கடல் ஊருக்குள் வந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடும் நமக்கு போர்ட் என்றால் கடற்கரை. ராயபுரத்துக்காரருக்கு போர்ட் என்றால் கடலில் போன வீடு. பழவேற்காடு இருப்பது காட்டுப்பள்ளிக்கு வடக்கே.

அந்த ஊருக்கென்று ஒரு போர்ட் உண்டு. அதன் பெயர் முகத்துவாரம். துவாரம் என்றாலே வாசல், லத்தீன் போர்ட்டாவின் அச்சு அசல் தமிழ். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் அந்த வாசல் வழியாகத்தான் உப்புநீர் வரும், இறால் குஞ்சு உள்ளே வரும், படகு வெளியே போகும். மண் மூடும்போதெல்லாம் தூர்வாரச் சொல்லி மனு மேல் மனு போடுகிறார்கள். ஆக, அவர்கள் போர்ட் வேண்டாம் என்றே சொல்லவில்லை, தங்கள் போர்ட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள்.

அந்த ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதிலும் குறை உண்டு. பாட்டு உரிமை இல்லாத சமூகங்களின் மனக்குறை நியாயமானது, கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் இடம் இல்லை. ஆனால் அந்தக் குறையைப் பற்றி ஏரிக்கரையில் உட்கார்ந்து சண்டை போட ஏரி இருக்கவேண்டும் அல்லவா?

கடைசியாக ஒன்று. நம் பேச்சுத்தமிழில் போர்ட், ஃபோர்ட், போர்டு மூன்றும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. பழவேற்காடு மூன்றையும் பார்த்துவிட்டது. ஃபோர்ட் இடிந்து புதராகக் கிடக்கிறது, கோட்டைக்குப்பம் மட்டும் உயிரோடு இருக்கிறது. போர்ட் தெற்கே நிற்கிறது. போர்டு என்பது மாசு கட்டுப்பாட்டு வாரியம், விரிவாக்கத் திட்டத்துக்கு மக்கள் கருத்து கேட்க வேண்டிய அமைப்பு. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குத் தேதி வைத்தார்கள், இரண்டு முறையும் கூட்டம் நடக்கவில்லை. 2006ஆம் ஆண்டு விதிப்படி சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் மட்டும் தமிழில் இருந்தால் போதும். முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கலாம். தன் கடலைப் பற்றிய அறிக்கையைப் படிக்க ஒரு மீனவர் அகராதி தேட வேண்டும்.

இடதா வலதா என்ற குழப்பத்துக்கு 1844இல் ஓர் உத்தரவு போட முடிந்தது. கரையோரத் திட்டங்களின் முழு அறிக்கையும் அந்தக் கரை மக்களின் மொழியில் வரவேண்டும் என்று ஓர் உத்தரவு போட நமக்கு என்ன தடை? அதுவரைக்கும் யாராவது "போர்ட் வருது" என்று சந்தோஷமாகச் சொன்னால், எந்த அர்த்தத்தில் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.